பேரப்பிள்ளைகளுடன் வெளியே போகும்போது: மூத்தோருக்கான நலவாழ்வுப் பாடம்

மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் நீங்களும் பேரப்பிள்ளைகளும் மட்டும். சந்தைக்குப் போக வேண்டும், மருந்து வாங்க வேண்டும், தொலைபேசிக் கட்டணம் கட்ட வேண்டும். பிள்ளைகளை வீட்டில் தனியே விட முடியாது. அதனால் அவர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். பத்து நிமிட வேலை இரண்டு மணி நேரமாகிறது. வீடு திரும்பும்போது முழங்கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது, வாங்க வேண்டியதில் பாதியை மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிகிறது.

சிங்கப்பூரில் பல தாத்தா பாட்டிமார்களுக்கு இது பழகிப்போன அனுபவம். இதை எளிதாக்க வழிகள் உண்டு. இந்தப் பாடத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பிறகு மகனோடும் மகளோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்பவை:
• வெளிவேலைகளை எப்படிப் பிரித்துக்கொள்வது
• சாலையிலும் பேருந்திலும் சந்தையிலும் பிள்ளையை எப்படிப் பாதுகாப்பது
• பிள்ளை அடம் பிடித்தால் என்ன செய்வது
• உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது
• உங்கள் சொந்த மருத்துவச் சந்திப்புகளை எப்படித் தவறவிடாமல் இருப்பது

1. ஒரு காலைப்பொழுது

கீழே வருவது ஓர் எடுத்துக்காட்டு. இதில் உங்கள் வீடும் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. பாட்டிக்கு வயது 67. பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. காலையில் நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பேரனுக்கு ரொட்டி ஊட்டுவதிலும் பேத்திக்குப் பால் கலக்குவதிலும் நேரம் போய்விட்டது. "சந்தையில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று வெறும் வயிற்றோடு கிளம்பினார்.

தள்ளுவண்டியில் ஒன்றரை வயதுப் பேத்தி. பக்கத்தில் நான்கு வயதுப் பேரன். முதலில் மீன் கடை, அடுத்து காய்கறிக் கடை. வாங்கிய பைகளையெல்லாம் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டினார். பேரன் பொம்மைக் கடையைப் பார்த்துவிட்டு நகர மறுத்தான். தரையில் உட்கார்ந்து அழுதான். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டிக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. "எழுந்திரு, இல்லாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று சத்தம் போட்டார்.

பேத்தியும் அழத் தொடங்கினாள். அவளைத் தூக்கியதும் பைகளின் கனத்தால் தள்ளுவண்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. தக்காளிகள் உருண்டன. குனிந்து பொறுக்கும்போது பாட்டிக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பேரனைக் காணவில்லை.

காய்கறிக் கடைக்காரர் ஓடி வந்து, "ஆன்ட்டி, உட்காருங்கள்" என்று நாற்காலி போட்டார். பக்கத்துக் கடைப் பெண் பேரனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இரண்டு கடை தள்ளி மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். இனிப்பான மைலோ குடித்த சிறிது நேரத்தில் பாட்டிக்கு நடுக்கம் அடங்கியது.

அன்று நல்லபடியாக முடிந்தது. மாலையில் மகள் கேட்டபோது பாட்டி, "ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு" என்றார். மறுநாள் காலை அவருக்குக் கண் பரிசோதனை இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அதை இரண்டாவது முறையாகத் தள்ளிவைத்தார்.

2. எங்கே தவறியது?

பாட்டி அன்பில் குறை வைக்கவில்லை. பேரனும் கெட்ட பிள்ளை இல்லை. சிறுசிறு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

• மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினார். அதனால் இரத்தச் சர்க்கரை குறைந்தது.
• சர்க்கரை குறைந்தால் எரிச்சலும் தடுமாற்றமும் வரும். பேரன்மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு இதனாலும் இருக்கலாம்.
• ஒரே பயணத்தில் பல வேலைகளை வைத்துக்கொண்டார்.
• கனமான பைகளைத் தள்ளுவண்டியில் மாட்டினார்.
• பேரனுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.
• நடந்ததை மகளிடம் சொல்லவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியமானது. சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் இதுவே நடக்கும். அன்று நாற்காலி போட யாரும் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

3. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

வாரத் தொடக்கத்தில் வெளிவேலைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அ, ஆ, இ என்று குறியுங்கள்.

அ – பிள்ளையுடன் போகக்கூடியவை. பக்கத்துப் புளோக்கின் கீழ் உள்ள மளிகைக் கடை, ரொட்டிக் கடை, நூலகம் போன்றவை. நேரம் குறைவு, தூரமும் குறைவு.

ஆ – பிள்ளை இல்லாமல் போக வேண்டியவை. உங்கள் மருத்துவப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, வங்கி வேலை, அதிக எடையுள்ள பொருள்கள் வாங்குவது. இவற்றை மகனோ மகளோ வீட்டில் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இ – வேறு யாராவது செய்யக்கூடியவை. கட்டணங்களை மகள் கைப்பேசியிலேயே கட்டிவிடலாம். அரிசி, எண்ணெய், பால்மாவு போன்ற கனமான பொருள்களை மகன் வேலை முடிந்து வரும்போது வாங்கி வரலாம், அல்லது வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லலாம். பலதுறை மருந்தகத்தில் தொடர்ந்து வாங்கும் மருந்துகளையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வசதி உண்டு. அடுத்த முறை மருந்து வாங்கும்போது அங்கேயே கேளுங்கள்.

பிள்ளையுடன் போகும் நாளில் ஒரு பயணத்துக்கு இரண்டு வேலைகள் போதும். மூன்றாவது வேலைக்கு நீங்களும் களைத்திருப்பீர்கள், பிள்ளையும் களைத்திருக்கும்.

நேரமும் முக்கியம். காலை உணவு முடிந்தவுடன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பிள்ளை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் வெளியே போகாதீர்கள். சந்தையில் வார இறுதியைவிட வார நாள்களில் கூட்டம் குறைவு.

பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால், அல்லது கை, கால், வாய் நோய் வந்திருந்தால், சந்தைக்கோ விளையாட்டு இடத்துக்கோ அழைத்துச் செல்லாதீர்கள். அந்த நோய் மற்றப் பிள்ளைகளுக்கு எளிதில் தொற்றும். அப்படிப்பட்ட நாளில் பட்டியலில் உள்ள எல்லா வேலைகளும் "இ" ஆகிவிடும்.

4. புறப்படும் முன்

முதலில் உங்கள் உடம்பு.

• காலை உணவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைக்கு ஊட்டிய பிறகு உங்களுக்கு நேரம் இல்லாவிட்டால், பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்புங்கள். சந்தை எங்கும் ஓடிவிடாது.
• நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் தவறவே விடக்கூடாது.
• வழியில் கழிவறை தேட வேண்டியிருக்குமே என்று சிலர் நீர் மாத்திரையை அன்று விட்டுவிடுகிறார்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில் எடுத்துக்கொள்வது வசதி என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.
• வழுக்காத அடிப்பாகம் உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி அணியுங்கள். ஈரச்சந்தைத் தரையில் ரப்பர்ச் செருப்பு எளிதில் வழுக்கும்.
• மூக்குக்கண்ணாடி, கைத்தடி எதையும் "சீக்கிரம் வந்துவிடுவோம்" என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்து, பை. தோளின் இரு பக்கமும் மாட்டும் முதுகுப்பை நல்லது. இரண்டு கைகளும் பிள்ளைக்காகக் காலியாக இருக்கும். பையில் இருக்க வேண்டியவை:

• இருவருக்கும் தண்ணீர்
• பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் அல்லது வாழைப்பழம்
• உங்களுக்கு மூன்று நான்கு இனிப்பு மிட்டாய்கள் அல்லது ஒரு சிறிய பொட்டலம் பழச்சாறு (நீரிழிவு உள்ளவர்களுக்கு)
• ஈரத் துடைப்பான், ஒரு மாற்று உடை, அணையாடை
• மின்னூட்டம் நிரம்பிய கைப்பேசி
• உங்கள் பெயர், நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் எழுதிய அட்டை

உங்கள் மாத்திரைகளைப் பிள்ளையின் கைக்கு எட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட வண்ண மாத்திரைகள் பிள்ளையின் கண்ணுக்கு மிட்டாய்போல் தெரியும். மருந்தை "மிட்டாய்" என்று ஒருபோதும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கதவைப் பூட்டியதும் பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அன்று என்ன சட்டை போட்டிருந்தான் என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது. படம் இருந்தால் காட்டலாம்.

5. வழியில்

மின்தூக்கி: பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே நுழையுங்கள், சேர்ந்தே வெளியேறுங்கள். கதவு மூடும்போது பிள்ளையின் விரல்கள் கதவருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்படி: தள்ளுவண்டியை மின்படியில் ஏற்றக்கூடாது. மின்தூக்கி தூரத்தில் இருந்தாலும் அதையே தேடிச் செல்லுங்கள். நடக்கும் பிள்ளையுடன் மின்படியில் போனால் ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பிள்ளையையும் பிடியுங்கள். மென்மையான ரப்பர்க் காலணிகள் படியின் ஓரத்தில் சிக்கக்கூடும். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே பிள்ளையை நிற்க வையுங்கள்.

சாலை: பாதசாரி விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள். பல சந்திப்புகளில் "கிரீன் மேன் பிளஸ்" வசதி இருக்கிறது. பொத்தானுக்கு மேலே உள்ள கருவியில் உங்கள் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாக எரியும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை கூடுதல் நேரம் கிடைக்கும். விளக்கு மின்னத் தொடங்கிவிட்டால் ஓடாதீர்கள். அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையோடு சேர்ந்து கார்களின் நிறத்தை எண்ணலாம்.

பேருந்து: தள்ளுவண்டியை மடக்காமலே பொதுப் பேருந்தில் ஏற்ற 2017 முதல் அனுமதி உண்டு. தடையைப் போட்டு, வண்டியை எப்போதும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கே அந்த இடத்தில் முன்னுரிமை. பேருந்து கிளம்புவதற்கு முன் நீங்கள் உட்காருங்கள். இருக்கை வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். பிள்ளையுடன் நின்றுகொண்டே போனால், திடீரென்று பேருந்து நிற்கும்போது இருவரும் விழுவீர்கள்.

0.9 மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் கட்டணம் செலுத்தும் பெரியவருடன் இலவசமாகப் பயணம் செய்யலாம். அதைவிட உயரமான, 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பயணத்துக்குச் சிறுவர் சலுகை அட்டை தேவை. அட்டையை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொண்டால் பேருந்து வாசலில் தடுமாற வேண்டாம்.

கார்: 1.35 மீட்டருக்கும் குறைவான உயரமுள்ளவர்கள் காரில் அதற்குரிய சிறுவர் இருக்கையில் அமர வேண்டும் என்பது சட்டம். டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலி வழி வரவழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. மகள் உங்களுக்காக வண்டி பதிவு செய்தால், சிறுவர் இருக்கை உள்ள வண்டியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வண்டி மோதினால் கைகளால் பிடித்து நிறுத்த முடியாது. நின்றிருக்கும் காரிலும் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

6. சந்தையிலும் உணவங்காடியிலும்

பைகளைத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டாதீர்கள். அடியில் உள்ள கூடையில் வையுங்கள். அது நிறைந்துவிட்டால் அன்றைய சாமான் அவ்வளவுதான்.

ஒரு கையில் பிள்ளையையும் மறுகையில் கனமான பையையும் தூக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் பையைக் கீழே வையுங்கள். முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, மெதுவாக எழுந்திருங்கள். அதைவிட நல்ல வழி, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மடியில் ஏறச் சொல்வது. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குக் குனிந்து சட்டென்று நிமிரும்போது தலை சுற்றலாம். எதையாவது பிடித்துக்கொண்டு நிமிருங்கள்.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். சும்மா நிற்கும் பிள்ளைதான் ஓடும். "ஆறு தக்காளி எடுத்துக் கொடு", "கறிவேப்பிலைக் கட்டை நீதான் பிடித்துக்கொள்ள வேண்டும்", "முருங்கைக்காய் எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று கேளுங்கள். வெண்டைக்காய், பாகற்காய், பூசணிக்காய் என்று பெயர்களைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் பிள்ளைக்குச் சந்தை ஒரு நல்ல தமிழ் வகுப்பு. கற்றுக்கொடுக்க உங்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

உணவங்காடியில் சூடான காப்பி, தேநீர், சூப் ஆகியவற்றை மேசையின் நடுவில் வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சூடான பானம் குடிக்காதீர்கள். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால் அல்லது முகத்தில் பட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முழுத் திராட்சை, மீன் உருண்டை, கச்சாங் பூத்தே, முறுக்கு போன்றவை சிறு பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். கடலை வகைகளை முழுதாகக் கொடுக்காதீர்கள். திராட்சையையும் மீன் உருண்டையையும் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். உட்கார வைத்து ஊட்டுங்கள். தள்ளுவண்டி ஓடும்போதோ பிள்ளை ஓடியாடும்போதோ ஊட்டாதீர்கள்.

உங்களுக்கே கழிவறை போக வேண்டியிருந்தால் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். தள்ளுவண்டியுடன் நுழையக்கூடிய பெரிய கழிவறையை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. அடம் பிடித்தால்

இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசையை அடக்கிக்கொள்ளும் திறன் இன்னும் வளரவில்லை. அவர்கள் உங்களை அவமானப்படுத்துவதற்காக அழுவதில்லை. பெரும்பாலும் பசி, தூக்கம், சலிப்பு இம்மூன்றில் ஒன்றுதான் காரணம்.

முதல் படி: பிள்ளையைக் கூட்டமில்லாத ஓரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.
இரண்டாம் படி: நீங்கள் உட்காருங்கள். பிள்ளையின் கண்ணுக்கு நேராக உங்கள் முகம் இருக்கட்டும்.
மூன்றாம் படி: அவன் மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். "உனக்கு அந்தக் கார் வேண்டும். கிடைக்கவில்லை என்று அழுகை வருகிறது, இல்லையா?"
நான்காம் படி: எல்லையை ஒரே வரியில் சொல்லுங்கள். "இன்றைக்குப் பொம்மை வாங்கப் போவதில்லை."
ஐந்தாம் படி: இரண்டு வழி கொடுங்கள். "நடந்து வருகிறாயா, தள்ளுவண்டியைப் பாட்டியோடு சேர்ந்து தள்ளுகிறாயா?"

அழுகை அடங்காவிட்டால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில் தவறில்லை. மீன் நாளைக்கும் கிடைக்கும். சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று கவலைப்படாதீர்கள். அவர்களில் பலர் பிள்ளை வளர்த்தவர்கள்.

"போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்", "டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று பயமுறுத்தாதீர்கள். நாளைக்குப் பிள்ளை தொலைந்துபோனால் போலீஸ்காரரைப் பார்த்து ஓடி ஒளிந்துகொள்ளும். மருந்தகத்துக்குள் நுழையவே மறுக்கும்.

கைப்பேசியைக் கையில் கொடுத்தால் அழுகை உடனே நிற்கும். ஆனால் அடுத்த முறையும் அதையே கேட்டு அழும். 18 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம். 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் தவிர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கட்டும். சாப்பிடும் நேரத்தில் திரை வேண்டாம். பையில் ஒரு சிறிய படப்புத்தகமோ இரண்டு பொம்மைக் கார்களோ இருந்தால் போதும்.

8. பிள்ளையைக் காணவில்லை என்றால்

• நின்ற இடத்திலேயே நின்று, பிள்ளையின் பெயரை உரக்கக் கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.
• பக்கத்துக் கடைக்காரர்களிடம் கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டுங்கள். சிலரைத் தேடச் சொல்லுங்கள்.
• சாலை, கார் நிறுத்துமிடம், மின்படி ஆகிய ஆபத்தான பக்கங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.
• கடைத்தொகுதியில் என்றால் தகவல் முகப்பு அல்லது பாதுகாவலரிடமும், எம்ஆர்டி நிலையத்தில் என்றால் நிலைய ஊழியரிடமும் உடனே சொல்லுங்கள்.
• சட்டென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 999 என்ற எண்ணை அழையுங்கள். பிறகு மகளை அழையுங்கள். "திட்டுவாளே" என்று தாமதிக்காதீர்கள்.

வீட்டிலேயே பிள்ளைக்குப் பழக்கிக் கொடுங்கள்: "பாட்டியைக் காணவில்லை என்றால் நடக்காதே. அங்கேயே நின்று பாட்டி என்று கத்து. கடையில் இருக்கும் ஆன்ட்டியிடம் சொல்." அம்மாவின் கைப்பேசி எண்ணை ஒரு பாட்டுப்போலச் சொல்லிப் பழக்கலாம். சிறிய பிள்ளையாக இருந்தால் எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

9. உங்களுக்கே முடியாமல் போனால்

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வந்தால் இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். 4.0 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே இறங்கினால் அது குறைவு. அளந்து பார்க்கக் கருவி கையில் இல்லாவிட்டால் குறைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

• பிள்ளையை உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தள்ளுவண்டியின் தடையைப் போடுங்கள்.
• 15 கிராம் சர்க்கரை உடனே உட்கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், அல்லது அரைக் குவளை பழச்சாறோ இனிப்புப் பானமோ குடிக்கலாம். சர்க்கரையில்லாப் பானம் பயன்படாது.
• 15 நிமிடம் காத்திருங்கள். குணமாகவில்லை என்றால் மீண்டும் அதே அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.
• குணமானதும் ரொட்டி, இட்லி போன்ற உணவைச் சாப்பிடுங்கள். பிறகுதான் நடக்க வேண்டும்.
• பக்கத்தில் இருப்பவரிடம், "எனக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடிக்கடி இப்படி நடந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் பலமிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

நான்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு, "பாட்டி விழுந்துவிட்டால் பக்கத்தில் உள்ள பெரியவர்களைக் கூப்பிடு" என்று சொல்லி வைக்கலாம். பயமுறுத்தாமல், விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள்.

10. உங்கள் சந்திப்பைத் தள்ளிவைக்காதீர்கள்

நம் எடுத்துக்காட்டில் வரும் பாட்டி கண் பரிசோதனையை இரண்டு முறை தள்ளிவைத்தார். "கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று நினைத்திருப்பார். நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பார்வை மங்குவது தெரியவரும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். முன்பே கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். கால் பரிசோதனைக்கும் சிறுநீரகப் பரிசோதனைக்கும் இதே காரணம்தான்.

பேரப்பிள்ளை பள்ளிக்குப் போய், பட்டம் வாங்கி, மணமேடையில் அமர்வதைப் பார்க்க உங்களுக்குக் கண் வேண்டும்.

சந்திப்புத் தேதி கிடைத்த அன்றே மகனுக்கும் மகளுக்கும் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் தேதியை மாற்ற வேண்டியிருந்தால், புதிய தேதியை அப்போதே வாங்கிவிடுங்கள். ஹெல்த்ஹப் செயலியில் மாற்றிக் கொடுக்கும்படி பிள்ளைகளைக் கேட்கலாம்.

பேரப்பிள்ளையைத் தடுப்பூசிக்கு நீங்கள் அழைத்துச் செல்வதாக இருந்தால், பிள்ளையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரின் ஒப்புதல் எப்படித் தேவைப்படும் என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. வீட்டில் எப்படிச் சொல்வது?

"நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யாமல் யார் செய்வார்கள்?" என்று பலர் வாய் திறப்பதில்லை. முடியாததை முடியாது என்று சொல்வதால் பாசம் குறைந்துவிடாது. சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உதவத் தெரியும்.

வீட்டில் எல்லாரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். இப்படித் தொடங்கலாம்:

"அம்மாடி, நேற்றுச் சந்தையில் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. தம்பியைக் கொஞ்ச நேரம் காணவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருந்தது தவறு."

"ஏன்மா அப்போதே எனக்குப் போன் பண்ணவில்லை?"

"வேலையில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன். இனிமேல் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போக என்னால் முடியாது. சனிக்கிழமை நீ இருக்கும்போது நான் தனியாகப் போய்வருகிறேன். அரிசியை மாப்பிள்ளை வாங்கி வரட்டும்."

"சரிம்மா. கண் பரிசோதனை என்றைக்கு? அன்றைக்கு நான் விடுப்பு எடுக்கிறேன்."

குறை சொல்வதுபோல் இல்லாமல் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொன்னால் போதும்: என்ன நடந்தது, உங்களால் எது முடியாது, எப்படி மாற்றலாம்.

மகன்மார்களுக்கும் மகள்மார்களுக்கும் ஒரு சொல்: உங்கள் பெற்றோர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

தொடர்ந்து மனச்சோர்வாக இருந்தால், தூக்கம் வராவிட்டால், அதையும் மறைக்க வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். அருகில் உள்ள சமூக மன்றத்தில், உங்களைப் போலவே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களைச் சந்திக்கலாம். பாரத்தைப் பகிர்ந்துகொண்டால் எடை குறையும்.

12. பயிற்சி: நீங்கள் என்ன செய்வீர்கள்?

கேள்வி 1: பாதி வழியில் பச்சை விளக்கு மின்னத் தொடங்குகிறது. நீங்கள் இன்னும் சாலையில் இறங்கவில்லை. பேத்தி "ஓடலாம் தாத்தா" என்கிறாள்.
விடை: ஓட வேண்டாம். நடைபாதையிலேயே நின்று, அட்டையைத் தட்டி, அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள்.

கேள்வி 2: காய்கறி வாங்கும்போது பேரன்மேல் அளவுக்கு மீறிக் கோபம் வருகிறது. கை லேசாக நடுங்குகிறது. நீங்கள் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்.
விடை: உட்காருங்கள். இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து மற்றதைப் பார்க்கலாம்.

கேள்வி 3: மருமகள் செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அன்று உங்களுக்குப் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை.
விடை: "அன்றைக்கு எனக்கு மருந்தகம் போக வேண்டும்மா. மதியத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். காலை நேரத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய அவருக்கு நேரம் கிடைக்கும்.

புறப்படும் முன் சரிபார்க்க (வெட்டி எடுத்து வாசற்கதவில் ஒட்டுங்கள்)

☐ நான் சாப்பிட்டேன், மருந்து எடுத்துக்கொண்டேன்
☐ இன்று இரண்டு வேலைகள் மட்டும்
☐ தண்ணீர், இனிப்பு, பிள்ளைக்கு உணவு
☐ வழுக்காத காலணி, மூக்குக்கண்ணாடி, கைத்தடி
☐ கைப்பேசி, சலுகை அட்டை, மருத்துவ விவர அட்டை
☐ பிள்ளையின் படம் எடுத்தேன்
☐ எங்கே போகிறேன் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரியும்

அவசர மருத்துவ உதவி, தீயணைப்பு: 995
போலீஸ்: 999
மகன் / மகள்: ____________________
பக்கத்து வீட்டார்: ____________________

பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பது ஒரு பேறு. அந்தக் கை உறுதியாக இருக்க, முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.